நண்பகலில் பால் வெட்டியவன்

உச்சி வெயிலில் யாரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில்லை. தோட்டத்து லயத்தில் நாலு நாள் தங்கிப் போன விருந்தாளிக்குக்கூட இது தெரிந்திருக்கும். பொழுது விடியுமுன், காடு குளிர்ந்து கிடக்கும்போது, பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால் பால் மளமளவென்று இறங்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து, வெட்டின் மேலேயே பால் இறுகி நின்றுவிடும். இருட்டில் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்குப் போவதும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவதும் துரை போட்ட சட்டம் பாதி, மரம் போட்ட சட்டம் மீதி.

மலேசியாவின் கெடாவில், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டிய கூலியில் படித்து வாத்தியாரானவன் நான். எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த முதல் சிறுகதையில் ஒரு தாயைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மரம் வெட்ட வைத்தேன். தெரியாமல் செய்ததில்லை. என் அம்மா எழும்பும் சத்தத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து விழித்திருக்கிறேன். வாளி உரசும் சத்தம், மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி, வாசலில் ரப்பர் செருப்பை உதறும் ஓசை எல்லாம் இருட்டுக்குச் சொந்தமானவை என்று எனக்குத் தெரியும். ஆனால் கதைக்கு வெயில் தேவைப்பட்டது. இருட்டில் நடக்கிறவள் மேல் வியர்வை மின்னாது. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட முடியாது. வெயிலில்தான் அவளை மயங்கி விழ வைக்க முடியும்.

விழுந்தாள். கதையின் கடைசிப் பத்தியில் செத்தும் போனாள். எனக்கு முதல் பரிசு.

இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எங்கே கற்றேன் என்று கேட்டால், கதை எழுதக் கற்றுக்கொண்ட இடத்தில்தான். எங்கள் நாட்டில் சிறுகதையை வகுப்பு வைத்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1950, 51இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். பத்திரிகையிலேயே பாடம், பத்திரிகையிலேயே பயிற்சி, எழுதி அனுப்பியவர்களின் கதைகளைத் திருத்தித் தரம் பிரித்தார்கள். தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் இருந்தவர்களுக்கு அது வாசலுக்கு வந்த பள்ளிக்கூடம். அடுத்து 1952இல் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அதே பத்திரிகையில் ஐந்தாண்டுகள் இருந்தார். கோலாலம்பூரில் எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசினார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதை. மா. இராமையா 1978இல் வெளியிட்ட மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது ஏக்கமாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு வகுப்பு கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று பல காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் ஒரு சாக்குதான். அழகிரிசாமியின் கதைகள் புத்தகமாக என் கையிலேயே இருந்தன. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் வறுமை இருக்கிறது; ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் வாசகனிடம் இரக்கத்துக்குக் கை நீட்டுவதில்லை. இதைக் கவனிக்காமல், கடைசியில் கதை எந்த இடத்தில் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தை எப்படி ஒளித்து வைத்தார் என்று மட்டும் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன.

எனக்கு உண்மையான வகுப்பாக அமைந்தது போட்டிகள்தாம். 1972இல் தமிழ் நேசன் நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. பிறகு சங்கங்கள், கோயில்கள், இளைஞர் மன்றங்கள் என்று ஆளாளுக்குப் போட்டி வைத்தார்கள். 1986லிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரவையும் ஆண்டுதோறும் நடத்தி வந்தது. போட்டிகளால்தான் இந்நாட்டில் சிறுகதை உயிரோடு இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். புத்தகம் விற்காத, கதைக்குச் சன்மானம் வராத நாட்டில் வேறு என்ன இருந்தது? குறை என்னிடம். பரிசு பெற்ற கதைகளை வரிசையாகப் படித்து, நடுவர்களுக்கு எங்கே கண் கலங்குகிறது என்று கணக்கெடுத்தேன். தவரணை என்னும் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கும் அப்பன். இருமிக்கொண்டே வேலைக்குப் போகும் அம்மா. அடாவடிக் கங்காணி, எங்கள் பேச்சில் மண்டோர். அஞ்சல்காரர் கொண்டுவரும் பல்கலைக்கழகக் கடிதம். அது வந்து சேரும் நாளில் வாசலில் பந்தல், பறை. இவற்றை எந்த வரிசையில் அடுக்கினாலும் கதை கிடைத்தது. பெயரையும் தோட்டத்தையும் மாற்றினேன். ஒரு கதையில் அம்மா, ஒன்றில் பாட்டி, ஒன்றில் கல்யாணமாகாத அக்காள். யாரையும் உயிரோடு விட்டதில்லை.

பாத்திரங்கள் பேசிய தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் யாரும் பேசாத தமிழ் அது. “அம்மா, நீ உண்டாயா?” என்று கேட்பான் என் கதாநாயகன். வீட்டில் நான் “பசியாறிட்டியாம்மா?” என்று கேட்பேன். மங்கு, காண்டாவாளி, ஒட்டுப்பால், ஸ்டோர், செக்ரோல் எதுவும் என் கதைகளுக்குள் வரவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் நடுவருக்குப் புரியாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. சுங்கைப்பட்டாணியில் இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது, என் சட்டையில் பால் நெடி அடிப்பதாகப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்தான். ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா? மழையில் நனைந்து இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் அது துணியில் ஏறி, சோப்புக்கும் போகாது. அன்றிலிருந்து அந்த நாற்றம் என் மேல் இருக்கக்கூடாது என்பதில் குறியாக இருந்தேன். எழுத்திலும் அப்படியே. தோட்டத்தைப் பற்றித்தான் எழுதினேன், ஆனால் தோட்டத்தின் வாடை வராமல் எழுதினேன். பரிதாபத்துக்கு வாடை கிடையாது.

இப்போது அந்த மண்டோர் விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பகலில் பால் வெட்டிய கதையில் ஒரு வில்லன் வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்து மண்டோர் ஒருவர் இடது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பார். அந்த நடையை எடுத்துக்கொண்டேன். அவர் தலையில் கட்டும் கட்டம் போட்ட துண்டையும் எடுத்துக்கொண்டேன். அதன்மேல் குடியை ஏற்றினேன், பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசும் வாயை ஏற்றினேன். பெயரை மட்டும் மாற்றினேன். கதை ஒரு ஞாயிறு பதிப்பில் வந்தது.

நான் யோசிக்காத ஒன்று, எங்கள் தோட்டத்தில் ஞாயிறு பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறவரே அவர்தான். பசியாறிய பிறகு கோயிலுக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்வார். எழுத்து தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்காருவார்கள். செய்தி, தொடர்கதை, சினிமா எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார். அன்றைக்கு என் பெயரைப் பார்த்ததும், “நம்ம தோட்டத்துப் புள்ள எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு முதலில் அதைத்தான் வாசித்திருக்கிறார். பாதியில் சாய்ந்த நடை வந்தது, துண்டு வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லையாம். கடைசி வரி வரைக்கும் அதே குரலில் வாசித்து முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அதைச் சொல்லிவிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த இடத்தில், அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் கதையால் திரும்பிப் போனார்கள் என்று எழுதக் கை துடிக்கிறது. பழக்கதோஷம். அப்படி எதுவும் நடக்கவில்லை. மகள் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. எங்கள் வீட்டுக்கும் பாக்கு வைத்தார்கள். நடந்தது இவ்வளவுதான்: லயத்துப் பொடியன்கள் சில மாதம் அவரைக் கதையில் நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அவர் மனைவி என்னைக் கண்டால் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவார்.

அவரை நான் நேருக்கு நேர் பார்த்தது ஸ்டோருக்குப் போகும் சடக்கில். சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் பதிலுக்குச் சொல்ல, இது கற்பனைதானே மாமா என்று ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது.

“ஏன்டா தம்பி, ஒங்கம்மா எத்தன மணிக்கு எழும்பும்?”

“நாலு மணிக்கு, மாமா.”

“பன்னண்டு மணிக்கு மரத்த வெட்டுனா எந்த மரம்டா பால் குடுக்கும்? வாசிச்சிக்கிட்டு இருக்கேன், பெருசுங்கள்லாம் சிரிக்குதுங்க. எனக்கு வெக்கமாப் போச்சி.”

அவ்வளவுதான் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலையே வரவில்லை. பெரியவர்கள் சிரித்தார்கள் என்பதுதான் அன்று எனக்கு வலித்தது. அவரை நான் குடிகாரனாக்கியது வலிக்கவில்லை. இரண்டையும் நான் எடை போட்ட விதத்தைப் பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான், கதை எழுதுகிறவனாக நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

அவர் குடித்ததே இல்லை. அதன் காரணம் அவர் கருமாதியில் தெரிந்தது. நான் அப்போது வேறு ஊரில் தலைநரைக்கத் தொடங்கிய வாத்தியார். பந்தலில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய உறவுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் அப்பா தொண்டர் படையில் இருந்தவராம். மகன்கள் யாரும் கள்ளைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம்.

தொண்டர் படை என்றால் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் பெயரளவில்தான் தெரியும். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம், 1946, 47இல், பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொழிலாளர்கள் படை போல் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை தோட்டத்துக்கு வருமானம். கொடுத்த கூலி அந்த வழியாகவே திரும்பிப் போனது. தொண்டர்கள் தவரணைகளுக்கு முன்னால் மறியல் செய்து, குடிக்கப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். குடிப்பதை நிறுத்தினால் தொழிற்சங்கம் நிற்கும் என்று நம்பினார்கள். 1947இல் போலீஸ் இறங்கியது. தடியடி, கைது, சிறை, உயிரிழப்பும் உண்டு. இயக்கம் அந்த ஆண்டே ஒடுக்கப்பட்டது.

என் கதைகளில் கள் வராத கதை கிடையாது. குடித்துக் கெட்ட அப்பன்மார்கள் தோட்டங்களில் இருந்தார்கள்தான், நிறையவே. ஆனால் கள்ளுக்கடையை மறித்துத் தடியடி வாங்கியவர்கள் நடந்த அதே சடக்கில் நானும் நடந்திருக்கிறேன். அவர்களில் ஒருவரின் மகன் கையாலேயே எத்தனையோ சாயங்காலம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தோட்டத்து மனுசன் எப்படி இருப்பான் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசுக் கதைகளில் படித்திருந்தேனே.

என்னோடு இது முடிந்திருந்தால் சின்னக் குற்றம். நான் வாத்தியார். 1988இல் ஆரம்பித்து 2021இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதப் பழக்கியவன். கதிரவன் செங்கதிர் பரப்பினான் என்று தொடங்கு, கண்கள் குளமாயின என்று முடி, நடுவில் இரண்டு மரபுத்தொடரும் ஒரு பழமொழியும் போடு என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு முறை தன்கதை எழுதச் சொன்னபோது, தோட்டத்திலிருந்து வந்த பையன் ஒருவன், பால் பிடிக்கும் கோப்பையே பேசுவதாக, நான் ஒரு மங்கு என்று எழுதிக்கொண்டு வந்தான். மழை நாளில் தன்னை யாரும் தேடுவதில்லை என்றும், கவிழ்த்து வைத்தால் தனக்குள் சிலந்தி குடிவரும் என்றும், இலை உதிரும் மாதங்களில் தனக்கும் தன் முதலாளியம்மாவுக்கும் வேலை குறைவு என்றும் எழுதியிருந்தான். பிப்ரவரி, மார்ச்சில் கெடாவின் வறட்சியில் மரங்கள் மொட்டையாகிப் பால் குறைந்து சம்பளமும் குறையும். அது எனக்குத் தெரிந்த ஒன்று, நான் ஒருநாளும் எழுதாத ஒன்று. சிவப்புப் பேனாவால் தலைப்பை அடித்துவிட்டு, நான் ஒரு புத்தகப்பை என்று மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மாற்றிக்கொண்டு வந்தான். நல்ல மதிப்பெண் போட்டேன்.

பக்கத்து ஊர்களில் இதே காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. லுனாசில் எழுத்தாளர் எம்.ஏ. இளஞ்செல்வன் இருந்தார். சுங்கைப்பட்டாணியில் சீ. முத்துசாமி தோட்டத்து மனிதர்களின் பேச்சையும் இருட்டையும் கூச்சமில்லாமல் கதைக்குள் கொண்டுவந்தார். அவர் வாக்கியம் சிடுக்கானது, வாசகனை வளைத்துப் போடும் ஆசையே இல்லாதது. புரியாத எழுத்து என்று மேடையில் அவரைக் கேலி செய்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். 2017இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது வாழ்த்துச் சொன்னவர்களின் வரிசையிலும் நின்றேன். அதே ஊரில் கோ. புண்ணியவான், என்னைப் போலவே பள்ளிக்கூட வேலை பார்த்தவர், ஓய்வு பெற்ற பின், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன தோட்டத்து மக்களைப் பற்றிக் ‘கையறு’ நாவலை எழுதினார். லுனாசில் பிறந்த ம. நவீன் என் பிள்ளை வயதுக்காரர். அவருடைய ‘பேய்ச்சி’ நாவலை 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. 1981இல் லுனாசில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் செத்த சம்பவம் அதன் பின்னணி. அந்தச் சாவுகள் நடந்தபோது நான் விவரம் தெரிந்த ஆள். சில மைல் தூரத்தில் இருந்தேன். என் நோட்டில் அதைப் பற்றி எழுதிய ஒரு கதைக் குறிப்பு உண்டு: விதவை, கைக்குழந்தை, மழை. அத்தோடு சரி.

இவர்களைப் படிக்கும்போது எனக்கு வருவது பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மூடி வைக்க விரும்பவில்லை. கூலிம் ஆசிரமத்தில் நடந்த இலக்கிய முகாமுக்கு ஒருமுறை போனேன். தமிழகத்திலிருந்து வந்திருந்த எழுத்தாளர் சிறுகதையின் கட்டமைப்பைப் பற்றிப் பேசினார். இளைஞர்கள் மடிக்கணினியில் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தொடக்கம், முடிச்சு, சொல்லாமல் விடுவது எல்லாம் தெரியும். தெரிந்தவற்றை வைத்துத்தான் அத்தனை பொய்க் கதைகளையும் ஒழுங்காகக் கட்டினேன். மதியச் சாப்பாட்டோடு கிளம்பி வந்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

பணி ஓய்வுக்குப் பிறகு என்னைப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அண்மையில் இளையோருக்கான ஒன்று. எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும். வந்த கதைகளில் பாதிக்கு மேல் தோட்டத்துக் கதைகள். எங்கள் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் எனும் குடியிருப்பாகவும் மாறி எவ்வளவோ காலமாகிறது. மிச்சமிருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியரும்தான் வேலை செய்கிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் பெரட்டுக்களத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். பிறகு எங்கிருந்து எடுத்தார்கள்? எங்கள் கதைகளிலிருந்துதான். குடிகார அப்பன், இருமும் அம்மா, பந்தல் எல்லாம் அப்படியே இருந்தன. கடிதம் மட்டும் மின்னஞ்சலாகியிருந்தது.

நடுவில் ஒரு கதை வேறு மாதிரி இருந்தது. 1996இல் தொடங்கிய கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டுக்குப் போகும் பெண். தாமான் முனையில் பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட பிறகு உள்ளே யார் தமிழர், யார் மலாய்க்காரர், யார் நேப்பாளி என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலை பசியாற நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்த நேப்பாளிப் பெண் ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்கிறாள். இவள் வாசித்துச் சொல்கிறாள். பஸ் வருகிறது. யாரும் சாகவில்லை.

மதிப்பெண் தாளில், கதையம்சம் போதவில்லை என்று எழுதினேன். முதல் பரிசைப் பந்தலோடு முடிந்த ஒரு கதைக்குக் கொடுத்தேன். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது நிஜம். கலங்க வைக்கும் இடம் எது, அது எப்படி வேலை செய்கிறது என்று முழுக்கத் தெரிந்திருந்தும் கலங்கியது.

பரிசளிப்பு முடிந்து சில வாரம் கழித்து ஏற்பாட்டாளருக்குத் தொலைபேசியில் பேசி, அந்தத் தொழிற்சாலைக் கதையை எழுதியது யார் என்று கேட்டேன். என்ன சார், ஏதாவது பிரச்சினையா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, பேசணும் என்றேன். தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னார். பரிசு பெற்ற கதைகளுக்கு மட்டும்தான் எண்ணையும் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மற்றவற்றைக் கழித்துவிட்டார்கள். போட்டிக்கு வந்த படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா என்று விதிமுறையில் போட்டிருக்கிறதே சார் என்றார். போட்டிருந்தது. அந்த விதிமுறையை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.